இடக்கை ஆசீர்வாதம்

மாசி 28, வெள்ளி

லம்பெர்த்து சுவாமியார் இன்று விடியுமுன்பே புறப்பட்டுப் போய்விட்டார். கோட்டையைப் பிடித்து இப்போது இருக்கும் வேறு சபைத் துரைமார்களுக்குச் சுரூபமும் ஆகாது, படமும் ஆகாது. நம் சங்குமுனைக் கோவிலைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். பாதிரிமார் இனிக் கரையில் தங்கக்கூடாதாம். உள்நாட்டில் பனங்காட்டு ஊர்களில் இருந்துகொண்டு, சேசு உயிர்த்த பாஸ்குப் பண்டிகைக்கு எப்படியாவது வந்துவிடுவதாகச் சொல்லிப் போனார்.

போகும்போது இந்தக் காகிதப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "கஸ்பார், பிறப்பு, சாவு, கலியாணம் மட்டும் எழுதினால் போதாது. ஊரில் நடப்பதையெல்லாம் எழுது. வந்ததும் யாரையும் பார்க்குமுன் இதைத்தான் வாசிப்பேன்" என்றார். செபம் சொல்ல, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிக்க, செத்தவர்களை அடக்க, சண்டை விலக்க என்று உபதேசியாருக்கு ஏற்கெனவே இருக்கிற வேலை போதாதென்று இதுவும் சேர்ந்தது. சரி சுவாமி, எழுதுகிறேன். உங்களோடு பேசுவதாக நினைத்தே எழுதுகிறேன். அப்படியாவது கை ஓடட்டும்.

மரப்பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் தேசத்திலிருந்து கப்பலில் வந்த அந்தத் தாள் அதற்குள்தான் இருக்கிறது. செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை தேய்த்து, ஈரத் தாளை வைத்து அழுத்தி எடுப்பார்கள் என்று சொன்னீர்களே, அந்தத் தாள். வரிசை வரிசையாக ஒரே படம். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தளவு. மாதா கையில் குழந்தை சேசு, வலக்கையைத் தூக்கி ஆசீர்வதிக்கிறார். அவ்வளவு சிறிய படத்தில் மாதாவின் கண்ணிமை மயிர்கூடத் தெரிகிறது. என் மனைவி இசபேல் சோறு கருகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சோற்றை மறப்பது எங்கள் வீட்டில் பெரிய அதிசயம்.

காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ஒரு படத்தை வெட்டித் தண்ணீரில் ஊறவைத்து விழுங்கக் கொடுப்பது உங்கள் ஊர்த் தாய்மாரின் வழக்கம் என்றீர்கள். "காகிதத்தில் ஒன்றுமில்லை, விசுவாசத்தில்தான் இருக்கிறது" என்றும் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன்.

பங்குனி 3, புதன்

சங்குக் குளியாட்கள் தெருவில் வைசூரி வந்துவிட்டது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு முத்துப் போட்டிருக்கிறது. நானே போய்ப் படம் வெட்டிக் கொடுத்துச் செபம் சொல்லி வந்தேன். ஒரு வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தார்கள். பிடுங்கி எறிந்து நன்றாகத் திட்டினேன். ஞானஸ்நானம் வாங்கிய வீட்டில் இதென்ன கூத்து?

இசபேல் மீன் கழுவிக்கொண்டே, "வேப்பிலை என்ன பாவம் செஞ்சிச்சு? அது மரத்துல தழைக்கிற எல தானே?" என்றாள். இவளுக்கு எதையும் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் புத்தி. மரம் என்றால் மரம், இலை என்றால் இலை. உபதேசியார் பெண்சாதி பேசுகிற பேச்சா இது என்று அவளையும் திட்டினேன்.

பங்குனி 6, சனி

இன்று இரண்டு அடக்கம், இரண்டும் பிள்ளைகள். மாலையில் கூரைக்கு ஓலை மாற்றினேன்.

பங்குனி 8, திங்கள்

விடிந்ததிலிருந்து வாசலில் கூட்டம். படம் வாங்கிய பிள்ளைகளில் ஒன்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்ததாம். அவ்வளவுதான், ஊரே திரண்டுவிட்டது. செத்த பிள்ளைகளும் படம் விழுங்கியவர்கள்தான் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

நம் ஊர்த்தலைவர் பட்டங்கட்டி மனுவேலின் தங்கை தன் பிள்ளைக்கு ஒன்றும், தனக்கு நோய் வந்தால் இருக்கட்டும் என்று இன்னொன்றும் கேட்டாள். வராத நோய்க்கு எதற்குப் படம் என்று விரட்டினேன். மத்தியானத்துக்குள் தாள் காலியாகிவிட்டது. படங்கள் தீர்ந்துபோயின என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

தீர்ந்துவிட்டன என்றால், கொடுப்பதற்குத் தீர்ந்துவிட்டன. ஒன்று மட்டும் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அது மாதிரிக்காக. உள்ளூரில் யாரையாவது கொண்டு படம் செய்துகொள்ளலாம் என்று ஒரு யோசனை. அதற்குப் பார்த்து வெட்ட ஒன்று வேண்டுமே.

பங்குனி 9, செவ்வாய்

மேற்கே பனங்காட்டைத் தாண்டிச் சாயப்பட்டறை ஊருக்கு நடந்தேன். சீலைக்கு அச்சுக்கட்டை வெட்டும் பேச்சிமுத்து ஆசாரியைப் பார்த்தேன். மாங்காயும் கொடியும் பூவும் வெட்டுவதில் கைகாரன் என்று பெயர். படத்தைக் காட்டினேன். கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"இது மனுசன் செஞ்சதா, சிலந்தி செஞ்சதா வே?" என்றார்.

"உம்மால ஆகுமா, ஆகாதா?"

"இம்புட்டு சின்னதா ஆகாது. உள்ளங்கை அகலத்துக்குன்னா வெட்டித் தாரேன்."

படத்தை அவரிடம் விட்டுவர எனக்கு மனமில்லை. அங்கேயே உட்கார்ந்து, அவர் கரிக்கோலால் பலகையின்மேல் பெரிதாக வரைந்து முடிக்கும்வரை படத்தை நானே பிடித்துக்கொண்டிருந்தேன். அப்படியே இருந்தது. மாதா, குழந்தை, தூக்கிய கை. திருப்தியோடு திரும்பினேன். வரும் வழியில் மகள் மதலேனாளுக்கு ஒரு கட்டி பனங்கற்கண்டு வாங்கினேன். ஏழு வயதாகியும் அவளுக்குக் கற்கண்டை மென்று தின்னத் தெரியாது. கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு பொழுது முழுவதும் திரிவாள்.

பங்குனி 13, சனி

கட்டை வந்தது. ஊருக்குள் நுழையப் பயந்து ஆசாரியின் ஆள் பனையடியில் வைத்துவிட்டுப் போயிருந்தான். விளக்குக்கரியும் வேலம்பிசினும் குழைத்து இசபேல் மை செய்தாள். காகிதத்துக்கு வேறு வழியில்லை சுவாமி, இந்தப் புத்தகத்தின் பின்பக்கங்களைக் கிழித்தேன். ஆகவே இனிச் சுருக்கி எழுத வேண்டியிருக்கும்.

முதல் படத்தை ஒற்றி எடுத்துக் காயப் போட்டோம். அழகாகத்தான் இருந்தது. ஆசாரி கை சும்மா இருக்குமா, சுற்றிலும் சீலைக்கரைக் கொடி ஒன்றை ஓடவிட்டிருந்தார். மாதாவின் முகம் நம் ஊர்ப் பெண்களின் முகமாகிவிட்டது. மதலேனாள் எதிரே நின்று, குழந்தை சேசுவைப் போலவே தானும் கையைத் தூக்கினாள். தூக்கியவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எப்பா, சேசு பீச்சாங்கையத் தூக்கிட்டு நிக்கிது."

பார்த்தேன். இடக்கைதான். கழுவுகிற கை. கட்டையில் வலமாக இருந்தது காகிதத்தில் இடமாகிவிட்டது.

சோற்றைக்கூடத் தொடாமல் சாயப்பட்டறை ஊருக்கு ஓடினேன். ஊர் எல்லையில் முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். வெளியில் நின்று கூப்பாடு போட்டபிறகு ஆசாரி வந்தார். முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

"கை மாறிப்போச்சே ஆசாரி! குடியக் கெடுத்துட்டீரே!"

"நீரு காட்டினத அப்படியேதானே வெட்டுனேன்? கொடியும் பூவும் வெட்டுறவன் நான். கொடி அந்தப் பக்கம் போனா என்ன, இந்தப் பக்கம் போனா என்ன? அந்தப் பழக்கத்துல திருப்பி வரைய விட்டுப்போச்சு."

"ஒரு சீலையில ஒத்திப் பாத்திருக்கலாம்லா?"

"ஒத்தணும்னுதான் நெனச்சேன். ஆனா சீலைன்னா எவளாவது இடுப்புல கட்டுவா, அதுமேல உக்காருவா. உங்க சாமி படமாச்சே, அப்படி வேண்டாம்னு விட்டுட்டேன்."

திட்ட வந்த நான், வேறு கட்டை வெட்டித் தரும்படி கெஞ்சினேன். வேலமரம் பதமாக வேண்டும், வைசூரி அடங்காமல் இனி ஒரு சாமானும் எல்லை தாண்டாது என்று கையை விரித்துவிட்டார்.

பங்குனி 14, ஞாயிறு

வலைக்கொட்டகையில் செபம். முடிந்ததும் புதுப் படங்களை எடுத்தேன். கொஞ்ச நேரம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒருத்தி கவனித்தாள். பிறகு எல்லோரும் கவனித்தார்கள்.

"இடது கையால ஆசீர்வாதமா? இது சாபம்லா?"

"இத எப்படிப் பிள்ள வாயில போடுறது?"

பட்டங்கட்டி எழுந்தார். "உபதேசியாரே, எல்லார் முன்னாலயும் கேக்குறேன். சுவாமியாரு குடுத்த படம் மாதிரி இதும் பலிக்குமா?"

சுவாமி, வெளியே பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். கையில் வேறு எதுவும் இல்லை. வெறுங்கையோடு இவர்களை அனுப்பினால் இன்றே பாதிப்பேர் மாரியம்மன் கோவிலுக்குப் போவார்கள். ஆகவே சொன்னேன். நன்றாகவே சொன்னேன். "கையில என்ன இருக்கு? ஆசீர்வதிக்கிறவர் ஒருத்தர்தானே? காகிதத்தில ஒண்ணுமில்ல, விசுவாசத்திலதான் எல்லாம் இருக்கு. அந்தப் படமும் இந்தப் படமும் ரெண்டும் ஒண்ணுதான்." உங்கள் வார்த்தைகளைத்தான் சொன்னேன். என் வாயிலிருந்து வரும்போது அவை வேறு மாதிரி இருந்தன.

முன்வரிசையில் இருந்த இசபேல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டினாள்.

கொஞ்சம் பேர் வாங்கிக்கொண்டார்கள். போன வருஷம் சங்குக் குளிப்பில் மூச்சடைத்துச் செத்தானே, அவன் பெண்சாதி சூசானாள் வாங்கவில்லை. அவளுக்கு ஒரே பிள்ளை, தியோகு. நேற்றிலிருந்து அவனுக்குக் காய்ச்சல்.

"சோறூட்ட எடுக்காத கைய ஆசீர்வாதத்துக்கு ஏத்துக்கிடுவேனா? உபதேசியாரே, பழைய படம் ஒண்ணு இருந்தாக் குடுங்க. குடுக்குற வரைக்கும் ஒங்க வீட்டு வாசல்லயே விழுந்து கெடப்பேன்."

"இல்ல தாயி. தீந்துபோச்சு."

செபப் புத்தகம் என் கையிலேயே இருந்தது. மாதிரிப் படம் இன்னும் அதற்குள்தான். கட்டை உடைந்துபோனால் மறுபடி வெட்ட வேண்டுமே.

பங்குனி 16, செவ்வாய்

ஒரு அடக்கம். வாங்கிய படங்களைச் சிலர் விழுங்காமல் மணலில் புதைத்துவிட்டார்கள் என்று கேள்வி.

பங்குனி 18, வியாழன்

மதலேனாளுக்கு உடம்பு சுடுகிறது. நேற்று வெயிலில் நண்டு பிடித்துக்கொண்டு அலைந்தாள். சொன்னால் கேட்கிற பிள்ளையா? அதுதான்.

பங்குனி 20, சனி

அது அல்ல. நெற்றியில் இருக்கிறது. உதட்டுக்குள் இருக்கிறது.

காலையில் படத்தைக் கொடுக்க எடுத்தேன். பிள்ளை குடித்த தண்ணீரையெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே தங்காமல் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது? இருப்பது ஒன்று. வாந்தி நிற்கட்டும் என்று காத்திருந்தேன். அப்போது பட்டங்கட்டி வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவருடைய தங்கைக்குச் சாகிற கட்டம், உபதேசியார் உடனே வரவேண்டும். போகாமல் முடியாது.

இசபேலிடம் சொன்னேன். "வாந்தி நின்னதும் என் செபப் புத்தகத்துல இருக்கிற படத்தக் கரைச்சுக் கொடு."

"அதான் கொடியில இத்தனை காயுதே, அதுல ஒண்ணு எடுத்தா ஆகாதா?"

"புத்தகத்துல இருக்கிறதக் கொடு."

அவ்வளவுதான் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

பட்டங்கட்டியின் தங்கை இறந்தாள். வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வாசலிலேயே கேட்டேன், "குடுத்தியா?" என்று. "குடுத்தேன். வாந்தி எடுக்கல, உள்ள தங்கிட்டு" என்றாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். பல நாளுக்குப் பிறகு இன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

பங்குனி 22, திங்கள்

முத்துக்கள் நிறைந்துவிட்டன. நிறைந்தால்தான் இறங்கும் என்கிறார்கள். இளநீர் கொடுக்கிறோம். எனக்குப் பயமில்லை. உங்கள் தேசத்துத் தகட்டில் அச்சான படம் அவள் வயிற்றில் இருக்கிறது.

பங்குனி 24, புதன்

சூசானாள் வீட்டு வழியாக வந்தேன். தியோகு வாசலில் பாயில் உட்கார்ந்து முன்பல் விழுந்த வாயால் பனங்கிழங்கைக் கடித்துக்கொண்டிருந்தான். முத்தெல்லாம் வற்றி உலர்ந்துவிட்டது. சூசானாள் ஓடிவந்து என் காலில் விழுந்தாள்.

"நல்லா இருப்பீக உபதேசியாரே. ஒங்க வீட்டுல மகராசி குடுத்தாக. வலது கை சேசு. எம் பிள்ள பொழச்சிட்டான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவளை எழுப்பிவிடாமலே திரும்பி நடந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். இசபேல் பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்குமுன் அவளே சொன்னாள். "சூசானாவப் பாத்தீகளா? அன்னைக்கு நீங்க போன பொறவு வந்து வாசல்ல விழுந்து அழுதா. இடது கைப் படத்தக் குடுத்தா அவளுக்கு நெஞ்சுக்குள்ள எறங்காது. விசுவாசத்துலதானே இருக்குன்னு சொன்னீக. அதான் புத்தகத்துல இருந்தத அவளுக்குக் குடுத்திட்டு, நம்ம பிள்ளைக்குக் கொடியிலருந்து ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். நமக்குத்தான் எதுவானாலும் ஒண்ணுதானே."

நான் அவளை அடிக்கவில்லை. அடித்துவிடுவேனோ என்று பயந்து வெளியே வந்துவிட்டேன். கடற்கரையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவள் பொய் சொல்லவில்லை. திருடவில்லை. நான் ஊர் முன்னால் நின்று சொன்னதை நம்பிவிட்டாள். அந்தக் கொட்டகையில் இருந்த அத்தனை பேரிலும் அவள் ஒருத்திதான் நம்பியிருக்கிறாள்.

பங்குனி 25, வியாழன்

உள்நாட்டுக்கு உங்களைத் தேடி வரப் புறப்பட்டேன். உங்களிடம் இன்னொரு தாள் இருக்கும் என்று ஒரு நினைப்பு. இரண்டு ஊர் எல்லையிலும் முள். இரண்டாவது ஊரில் கல்லெறிந்தார்கள். நெற்றியில் பட்டது. திரும்பிவிட்டேன்.

வந்ததும் மரப்பெட்டியைக் கவிழ்த்தேன். படங்களை வெட்டியபோது விழுந்த ஓரத் துண்டுகள் அடியில் கிடந்தன. வெறும் வெள்ளை. தகடு அழுத்திய பள்ளம் மட்டும் விரலுக்குத் தட்டுகிறது. ஒரு துண்டில் மாதாவின் முக்காட்டு நுனி, நூலளவு. வேறொன்றில் ஒரு புள்ளி. எந்தப் புள்ளி என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் ஊறவைத்தேன்.

"என்னது அது?" என்றாள் இசபேல்.

"மருந்து" என்றேன்.

மதலேனாளுக்கு வாய் திறக்க முடியவில்லை. உதடெல்லாம் ஒட்டிக்கிடக்கிறது. விரலால் தொட்டுத் தொட்டு உள்ளே தள்ளினேன். "கற்கண்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வழக்கம்போலக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

பங்குனி 27, சனி

நிலையில் வேப்பிலை கட்டியிருக்கிறேன். ஈ வராமலிருக்க.

பங்குனி 28, ஞாயிறு

செபத்துக்குப் போகவில்லை. மாரியம்மன் கோவில் மரத்தடியில் பூசாரியைப் பார்த்தேன். பேசினேன். என்ன பேசினேன் என்பதை எழுத மாட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறேன். சேசுவே, எந்தக் கையானாலும் சரி. எந்தக் கையையாவது தூக்கும்.

பங்குனி 29, திங்கள்

மரணம்: மதலேனாள். கஸ்பார் உபதேசியார் மகள். வயது ஏழு. அடக்கம் அன்றே.

சித்திரை 2, வியாழன்

நான்கு நாளாக இசபேல் அழவில்லை. பாத்திரம் கழுவுகிறாள், தண்ணீர் எடுக்கிறாள், பிள்ளையின் பாவாடையைத் துவைத்துக் கொடியில் போடுகிறாள். நேற்றும் அதையே துவைத்தாள். இன்றும் துவைத்தாள்.

சூசானாள் ஒரு சீலா மீனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி நின்றாள். தியோகு அவள் பின்னால் நின்றான். இசபேல் அவனைக் கிட்டக் கூப்பிட்டு முகத்தைத் தடவிப் பார்த்தாள். தழும்பு ஒவ்வொன்றாகத் தடவினாள். அவர்கள் போனபிறகு மீனை நறுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"இஞ்சேருங்க. அந்தப் படமும் இந்தப் படமும் ரெண்டும் ஒண்ணுதானே?"

கத்தி நிற்கவில்லை. குரலிலும் ஒன்றுமில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை.

"ஒண்ணுதான்" என்றேன்.

"அப்போ ஆண்டவர் சித்தம்" என்று சொல்லி, மீனைச் சட்டியில் போட்டாள்.

சித்திரை 4, சனி

இன்றும் கேட்டாள். ஒன்றுதான் என்றேன். "அப்போ ஏன் புத்தகத்துல இருக்கிறதக் குடுன்னு சொன்னீக?" என்றாள். அதுதான் கைக்குப் பக்கத்தில் இருந்தது என்றேன். "அதுஞ் சரிதான்" என்றாள்.

சித்திரை 6, திங்கள்

வைசூரி அடங்குகிறது. இடக்கைப் படம் விழுங்கிய வீடுகளிலும் பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள். விழுங்காத வீடுகளிலும் பிழைத்திருக்கிறார்கள். இரண்டு வகையிலும் செத்திருக்கிறார்கள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எண்ணினால் ஏதாவது விளங்கும் என்று நினைத்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

இசபேலிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எனக்கு ஊர்க்கணக்கு எதுக்கு? ஒரே ஒரு பிள்ளையத்தானே நான் பெத்தேன்" என்றாள். முதல்முறையாக அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், அதே கேள்வியை.

சித்திரை 8, புதன்

உங்களிடமிருந்து ஆள் வந்தான். சனிக்கிழமை பொழுதடைந்ததும் பனங்காட்டு வழியாக வருகிறீர்களாம். ஊர் முழுக்கச் சந்தோஷம். வலைக்கொட்டகையைக் கூட்டிப் பெருக்குகிறார்கள். இசபேல் தலைக்குத் தண்ணீர் வார்த்து, நல்ல சீலையை எடுத்து மடித்து வைத்திருக்கிறாள்.

"சுவாமியாரு வரட்டும். அவர்ட்ட ஒரு வார்த்த கேக்கணும்" என்றாள்.

நான் சொன்னது அவளுக்குப் போதவில்லை. என்னை நம்புகிற இசபேல் பங்குனியோடு போய்விட்டாள். இப்போது இருப்பவள் நம்பப் பார்க்கிறாள், முடியவில்லை. உங்கள் வாயிலிருந்து கேட்டால் முடியும் என்று நினைக்கிறாள்.

சித்திரை 9, பெரிய வியாழன்

இந்தப் புத்தகத்தில் இதுதான் கடைசித் தாள். மற்றவற்றையெல்லாம் படமாக்கிவிட்டேன். உங்கள் ஆள் இன்று திரும்புகிறான். இதை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். யாரையும் பார்க்குமுன் இதைத்தான் வாசிப்பேன் என்றீர்கள். தயவுசெய்து அப்படியே செய்யுங்கள்.

நான் படம் ஒளித்தேன். மாதிரிக்கு என்று எழுதியது பொய். கட்டை உடைந்தால் என்று எழுதியதும் பொய். என் பிள்ளைக்காக ஒளித்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு நானே நம்பாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, நம்பியதை என் வீட்டுக்கென்று வைத்துக்கொண்டேன். வேப்பிலை ஈக்காக அல்ல. பூசாரியிடம் பிள்ளை பிழைத்தால் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டேன். இவற்றுக்கெல்லாம் என்ன அபராதம் வேண்டுமானாலும் கொடுங்கள். உபதேசியார் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் முன்னால் முழங்காலில் நிறுத்துங்கள், நிற்கிறேன்.

காகிதத்தில் ஒன்றுமில்லை என்று அன்று நீங்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. எனக்கு இன்றும் அந்த வலக்கைதான் கண்ணில் நிற்கிறது. அந்தப் படம் மதலேனாள் வயிற்றுக்குள் போயிருந்தால் என்று நினைக்காமல் நான் ஒரு பொழுதும் சோற்றில் கை வைப்பதில்லை. அந்த நினைப்பை நான் சாகும்வரை சுமந்துகொள்கிறேன். அது என் பங்கு. இசபேலுக்கு அதில் பங்கு வேண்டாம்.

கொட்டகையில் முன்வரிசையில் இருப்பாள். மடிப்புக் கலையாத நீலச் சீலை. செபம் முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து வருவாள். உங்கள் கையை முத்தமிட்டுவிட்டுக் கேட்பாள். அப்போது என் பக்கம் பார்க்காதீர்கள், சுவாமி. யோசிக்காதீர்கள். அவள் கேட்டு முடிக்குமுன்பே சொல்லிவிடுங்கள், ஒன்றுதான் என்று.